தஹாரத்துப் பாடமும் பாலாற்று நீரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறினால் வெள்ளிமலை என்னும் ஊர் வருகின்றது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இம்மலையில் காடுபடு பொருள்களுள் முதன்மையானது கடுக்காய். பனிக்காலம் கழியும் தறுவாயில் வீட்டு முற்றங்களிலும் பாறைகளின் மீதும் அது காய்ந்துகொண்டிருக்கும். ஒரு முறை அவ்வழியே சென்றபோது ஒன்றை எடுத்து வாயிலிட்டுப் பார்த்தேன். நாக்கு சுருண்டது, நெடுநேரம் வேறு சுவையே தெரியவில்லை.

கடுக்காய் என்றால் இன்று நமக்குத் திரிபலாச் சூரணம் நினைவுக்கு வரும். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், திண்டுக்கல் ஆகிய ஊர்களின் முதியவர்களுக்கு அது தோல் தொட்டியின் நினைவைத் தரும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலைக் கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் இட்டு நிறங்கொடுத்து எடுப்பது அக்காலத்து வழக்கம். மலைவாசியின் கையிலிருந்து புறப்பட்ட துவர்ப்பு, தமிழ் நாட்டு முஸ்லிம் வணிகரின் தொட்டி வழியாக, இலண்டன் சந்தை வரை சென்றது. அந்தத் தொழிலையும், அது நனைந்த ஆற்றையும், அவற்றைப் பற்றி நம் எழுத்தும் கல்வியும் சொல்லாமல் விட்டவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வசனம் வந்தது, ஆறு வரவில்லை

சென்ற சில பத்தாண்டுகளாக 'இஸ்லாமும் சுற்றுச்சூழலும்' என்னும் பொருளில் நம்மவர்களின் கட்டுரைகளும் சொற்பொழிவுகளும் பெருகியுள்ளன. இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் மனிதன் பூமியில் இறைவனின் பிரதிநிதி என்ற கலீபா தத்துவம் வரும். அடுத்து, ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவுக்கு நீரை வீணாக்கலாகாது என்ற ஹதீஸும், மறுமை நெருங்கிவிட்ட வேளையிலும் கையிலுள்ள கன்றை நட்டுவிட வேண்டும் என்ற ஹதீஸும் வரும். பின்னர் மேலைநாட்டு அறிவியல் பூமியைப் பாழாக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு. முடிவில், 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இஸ்லாம் இதற்குத் தீர்வு சொல்லிவிட்டது என்ற பெருமிதம்.

இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆயினும் படித்து முடித்தபின் நாம் செய்ய வேண்டியது எதுவும் மிஞ்சுவதில்லை. குற்றம் வேறொருவருடையது, தீர்வு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, நமக்கு எஞ்சியிருப்பது மனநிறைவு மட்டுமே.

இக்கட்டுரைகள் தவறாமல் எடுத்தாளும் வசனம் திருக்குர்ஆனின் 30ஆவது அத்தியாயத்தில் 41ஆவதாக உள்ளது. தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டதற்கு மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவையே காரணம் என்பது அதன் கருத்து. அவ்வசனம் அத்துடன் நின்றுவிடவில்லை. செய்த வினைகளில் ஒரு பகுதியை மனிதர்கள் சுவைத்துப் பார்க்கவேண்டும், அதன்வழி அவர்கள் திரும்பவேண்டும் என்ற நோக்கத்தையும் சேர்த்தே சொல்கின்றது. 'கைகள்' என்ற சொல்லை நம் கட்டுரையாளர்கள் பிறர் கைகள் என்றே படித்து வந்திருக்கின்றனர். பாலாற்றங்கரையில் நின்று அதே வசனத்தைப் படிப்பவர் அவ்வாறு படித்துத் தப்பிவிட முடியாது.

தொட்டியில் நேர்ந்த மாற்றம்

பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. குரோமிய உப்புக் கொண்டு பதப்படுத்தினால் அதே வேலை ஓரிரு நாள்களில் முடிந்துவிடும். இம்முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கில அதிகாரி சென்னையில் சோதித்துப் பார்த்தார். எனினும் நம் ஊர்களில் அது பெருவழக்காகப் பரவியது 1970களுக்குப் பின்னரே. பாதி பதப்படுத்திய தோலாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதப்படுத்திய தோலாகவும் காலணியாகவும் அனுப்புமாறு மைய அரசு அப்போது கொள்கை வகுத்தது. அந்நியச் செலாவணி பெருகிற்று, வேலைவாய்ப்பும் பெருகிற்று. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரின் தன்மையும் மாறிப்போயிற்று.

பழைய முறை மாசற்றது என்று கூறுவது நேர்மையாகாது. அக்காலத்துத் தொட்டிகளிலும் சுண்ணாம்பும் உப்பும் இருந்தன, துர்நாற்றமும் இருந்தது. ஆயினும் அளவு சிறியது, வேகம் குறைவு. அளவும் வேகமும் வேதிப்பொருளும் ஒருசேர மாறியபோது ஆற்று மணலும் அதன் அடியில் ஓடிய ஊற்றும் அதனைத் தாங்கவில்லை.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28இல் வழங்கப்பட்ட தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதையும், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், குரோமிய முறையில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. இழப்பீட்டைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2001இல், ஒன்றுபட்ட வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 29,000 பேர் என்று கண்டது. 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் உறக்கத்திலேயே மாண்டனர். 2025 ஜனவரி 30இல் பாலாற்று மாசு குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

இத்தொழிலில் ஈடுபட்டோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். பாலாற்றின் அவலத்திற்கு மணற்கொள்ளையும் நகரங்களின் சாக்கடையும் காரணங்களே. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு பெரிது என்பதையும் மறைக்க முடியாது. நம் கல்விக்கூடங்களே அதற்குச் சான்று. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924இல் காகா முஹம்மது உமர் என்ற தோல் வணிகரால் நிறுவப்பட்டது. மேல்விஷாரத்துக் கல்லூரி தோல் வணிகப் பெருவள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரை 1965 முதல் தாங்கி நிற்கின்றது. தோல் தந்த செல்வத்தில் எழுந்த கல்வி அது. அந்தக் கல்வி அந்தத் தோலைப் பற்றியும் அந்த நீரைப் பற்றியும் என்ன கற்பித்தது என்று கேட்பது நன்றி மறப்பதாகாது. அக்கொடையாளர்கள் விரும்பியதும் கேள்வி கேட்கத் தெரிந்த தலைமுறையைத்தான்.

அடுத்தடுத்த இரண்டு பாடங்கள்

மத்ரஸாவில் சேரும் சிறுவன் முதலில் ஓதும் பாடம் தஹாரத் என்னும் தூய்மைப் பாடமே. ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்கநிலைக் கிதாபுகளுள் ஒன்றான அபூ ஷுஜாஉ அவர்களின் நூல், தூய்மைக்குரிய நீர்கள் ஏழு என்று எண்ணித் தொடங்குகின்றது. மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர் என்று அப்பட்டியல் செல்லும். அதற்கு அடுத்த பகுதி எதைப் பற்றியது தெரியுமா? தோல் பதனிடுதலைப் பற்றியது. தானே செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் தூய்மையாகிவிடும் என்ற சட்டம் அங்கே சொல்லப்படுகின்றது. விவரங்களில் வேறுபாடு இருப்பினும் ஹனஃபி மத்ஹபுக்கும் இது உடன்பாடே.

எதைக்கொண்டு பதனிடுவது என்பதையும் ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் விளக்கியுள்ளனர். வெயிலில் காய வைத்தாலோ மண்ணில் புரட்டினாலோ போதாது. துவர்ப்பும் காரமும் உடைய பொருள் வேண்டும். வேலமர வகையைச் சேர்ந்த 'கரழ்', மாதுளை ஓடு முதலியன அவர்கள் காட்டும் உதாரணங்கள். நீரும் கரழும் தோலைத் தூய்மையாக்கும் என்ற கருத்தில் ஹதீஸும் உண்டு. அரபு நாட்டு மாணவனுக்குக் கரழ் எதுவோ அதுவே நம் மாணவனுக்கு வெள்ளிமலைக் கடுக்காய். இதனை எத்தனை உஸ்தாதுகள் கையில் ஒரு கடுக்காயை வைத்துக்கொண்டு விளக்கியிருப்பார்கள்? கிதாபின் சொல் மாணவனுடைய ஊரைத் தொடாமலேயே மனனமாகிவிடுகின்றது.

நீரும் தோலும் அடுத்தடுத்து அமைந்த இந்த இரு பாடங்களையும் பாலாற்றங்கரையில் அமர்ந்து ஓதும் மாணவனுக்கு ஒரு கேள்வி எழவேண்டும். தோலைத் தூய்மையாக்கும் செயலே நீரைக் கெடுத்துவிடுமானால் அது முழுமையான தூய்மையா? தோல் தொட்டிக்குள் தூய்மையாகி வெளியே வருகின்றது. தொட்டியின் நீர் வேறொருவரின் கிணற்றுக்குச் செல்கின்றது. அந்தக் கிணற்றுக்காரர் உழவராக இருக்கலாம், தொட்டியில் இறங்கி உழைக்கும் ஒடுக்கப்பட்ட தொழிலாளியாக இருக்கலாம், பள்ளிவாசலாகவும் இருக்கலாம். ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பள்ளிவாசல் ஹவுளில் நான் உளூச் செய்தபோது வாய் கொப்பளித்த நீர் கரித்தது. அருகிலிருந்த பெரியவர், 'நாங்க பழகிட்டோம், தம்பி' என்றார். வசனம் சொல்லும் 'சுவைத்தல்' எது என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

நீரின் தன்மை மாறியதை அறிய பிக்ஹு மூன்று அடையாளங்கள் சொல்கின்றது: நிறம், சுவை, மணம். கருவிகள் இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த சோதனை இருந்திருக்க முடியாது. தோல் ஆலைப் பகுதியின் உவர்நீரை இன்றும் நாக்கு கண்டுகொள்ளும். ஆனால் நீரில் கரைந்த சிறிதளவு குரோமியத்தை நாக்கோ மூக்கோ கண்ணோ கண்டுகொள்ளா. அதற்கு வேதியியல் வேண்டும். ஆகவே தஹாரத்துப் பாடத்தை அதன் நோக்கத்தோடு கற்பிக்க விரும்பும் ஆசிரியர் சோதனைக் குழாயைக் கையில் எடுத்தே ஆகவேண்டும். சமயக் கல்வி ஒரு கட்டடத்திலும் உலகக் கல்வி மற்றொரு கட்டடத்திலும் இருப்பதன் கேடு இங்கேதான் வெளிப்படுகின்றது. நீரின் சட்டம் தெரிந்த ஆலிமுக்கு அதன் வேதியியல் தெரியாது; வேதியியல் தெரிந்த பட்டதாரிக்குத் தன் பட்டம் மார்க்கக் கடமையோடு தொடர்புடையது என்று தோன்றுவதில்லை.

இவ்விரண்டும் சேரக்கூடியவை என்பதற்கு உதாரணம் உண்டு. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி சவூதி அரேபியாவில் எழுந்தபோது, அந்நாட்டு மூத்த உலமாக்கள் குழு துறை அறிஞர்களைக் கலந்து ஆராய்ந்து 1978இல் ஃபத்வா வழங்கியது. நிறமும் சுவையும் மணமும் முற்றிலும் மீளும் வகையில் சுத்திகரித்தால் அந்நீர் தூய்மையானதே என்றும், உடல்நலத்திற்குத் தீங்கு உண்டாயின் தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறிற்று. பழைய மூன்று அடையாளங்களும் புதிய அறிவியலும் அங்கே ஒரே ஃபத்வாவில் அமர்ந்தன.

உலகம் பேசியவை

இஸ்லாமிய உலகில் இப்பொருளை முதலில் ஆழமாக எழுதியவர்களுள் ஈரானிய அறிஞர் செய்யித் ஹுஸைன் நஸ்ர் முக்கியமானவர். 1966இல் சிக்காகோவில் அவர் ஆற்றிய உரைகள் 1968இல் நூலாக வெளிவந்தன. இயற்கையின் புனிதத்தை மனிதன் மறந்ததே நெருக்கடியின் வேர் என்பது அவர் கொள்கை. சிந்தனைக்கு விருந்தான நூல்தான். ஆனால் அவருடைய வழியைப் பின்பற்றிய சிலர் நோய் முழுவதையும் மேலைநாட்டு மனத்தில் வைத்துவிட்டனர். புனிதத்தை மறவாது ஐவேளை தொழுகின்ற நல்ல மனிதரின் ஆலையிலிருந்தும் நஞ்சு வெளியேறக்கூடும் என்பதற்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

2015இல் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் வெளியிட்ட பருவநிலைப் பிரகடனம் ஒரு படி மேலே சென்றது. செல்வ நாடுகளோடு எண்ணெய் வள நாடுகளையும் பெயர்சுட்டி அழைத்து, புகைக் கழிவைக் குறைப்பதில் முன்னிற்குமாறு அது கேட்டுக்கொண்டது. எண்ணெய் வள நாடுகளுள் பல முஸ்லிம் நாடுகள் என்பதை நினைத்தால் அதன் துணிவு விளங்கும். 2024இல் வெளியான 'அல்மீஸான்' என்னும் உடன்படிக்கை அறநெறிகளை மிக விரிவாக வகுத்துக் கூறுகின்றது. விரிவு சிறப்பே; ஆயினும் இத்தகைய ஆவணங்கள் எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதப்படுவதால் எந்த ஊரின் மேலும் முழுமையாகப் பொருந்துவதில்லை. பொருத்திக் காட்டுவது அந்தந்த ஊர் எழுத்தாளரின் கடமை.

அந்தக் கடமையைச் செய்தவராக இலங்கையிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபஸ்லுன் காலித் அவர்களைச் சொல்வேன். ஸான்ஸிபாரைச் சேர்ந்த மிஸாலித் தீவின் கடலில் மீனவர்கள் வெடி வைத்து மீன் பிடித்து வந்தனர்; பவளப் பாறைகள் அழிந்தன. சட்டத்திற்கு அசையாத அவர்களிடம் 1990களின் இறுதியில் திருக்குர்ஆனின் போதனையைக் கொண்டு சென்றார்கள். மீனவர் பலர் வெடியைக் கைவிட்டனர். அங்கே ஓதப்பட்டது நாமும் ஓதுகின்ற வேதந்தான். ஆனால் அது மீனவனிடம் அவனுடைய வலையையும் வெடியையும் பற்றிப் பேசிற்று.

இலக்கியத்தின் கடன்

நம் இலக்கியத்திற்கு ஊரும் ஆறும் தெரியாதவை அல்ல. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாட வந்தவர், மழையையும் வெள்ளத்தையும் நெல்வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். பாலைவனத்தில் மருதமா என்று நகைத்தவர்கள் உண்டு. ஆற்றைப் பாடாமல் ஒரு நாட்டின் சிறப்பைப் பாட முடியாது என்ற தமிழ்ப் புலமையின் உறுதியை நான் அதில் காண்கிறேன். உமறு தமிழகத்து ஆற்றை மக்காவரை கொண்டு சென்றார். நாமோ மக்காவில் இறங்கிய வசனத்தை வாணியம்பாடி ஆற்றங்கரைக்குக் கொண்டுவரத் தயங்குகிறோம்.

தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் வெளியான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் தம் ஊரின் அறியாமையையும் அதிகாரத்தையும், ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பையும் ஒளிக்காமல் எழுதினார். அது சமுதாயத்தைத் தாழ்த்தவில்லை, உயர்த்திற்று. ஆனால் திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைப் பெரிய நாவலாக எழுதியவர் முற்போக்கு எழுத்தாளர் டி. செல்வராஜ். அவருடைய 'தோல்' 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தொட்டிக்கு உரிமையாளர்களாக இருந்த குடும்பங்களின் உள்ளிருந்து, லாபத்தையும் கொடையையும் குற்றவுணர்வையும் அறிந்த ஒருவர் எழுதிய அத்தகைய பெருநாவலை நான் இன்னும் படிக்கவில்லை. அதற்காகக் காத்திருக்கின்றேன்.

இரண்டு மறுப்புகள்

'சுற்றிலும் நம்மைக் குறைகூறுவோர் இருக்கும்போது நாமே நம் குறையை எழுதலாமா?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களது அச்சம் காரணமற்றதன்று. ஆனால் நாம் பேசாததால் ஆறு பேசாமல் இருந்துவிடவில்லை. நீதிமன்றத்தில் அது பேசிற்று. நாமே முந்திப் பேசியிருந்தால், அது தண்டனைக்கு அஞ்சிய சீர்திருத்தமாக இராமல் அமானிதத்தை ஒப்புவித்ததாக இருந்திருக்கும்.

'பல்லாயிரம் குடும்பங்களின் சோறு இதில் இருக்கின்றதே' என்பது மற்றொரு மறுப்பு. இது மிக வலுவானது. ஆலைகளை மூடுவது என் கட்சியன்று. பெரும்பொருள் செலவிட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரை வெளிவிடாமல் மீட்டெடுக்கும் ஏற்பாடுகளும் தொழிலதிபர்கள் பலரால் அமைக்கப்பட்டுள்ளன, அதைப் பாராட்டவேண்டும். பிறருக்குத் தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவ்விதி உழவரின் கிணற்றையும் காக்கும். தொழிலாளியின் சோற்றையும் காக்கும். இரண்டையும் காக்கும் வழியைத் தேடுவதற்குத்தான் கல்வி வேண்டும்.

நான் கேட்பது பெரிய மாற்றமன்று. பாலாற்றுப் பகுதி மத்ரஸாக்களில் தஹாரத்துப் பாடம் தொடங்கும் வாரத்தில், அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஒருவரை அழைக்கட்டும். மாணவர்கள் தத்தம் வீட்டுக் கிணற்றிலிருந்தும் பள்ளிவாசல் ஹவுளிலிருந்தும் ஒரு குப்பி நீர் கொண்டு வரட்டும். முதலில் உஸ்தாது கிதாபின்படி நிறமும் சுவையும் மணமும் பார்க்கச் சொல்லட்டும். பின்னர்ப் பேராசிரியர் தம் கருவிகளால் பார்க்கட்டும். இரண்டு முடிவுகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். அடுத்த பகுதியாகிய தோல் பாடத்தை ஓதும் நாளில், வெள்ளிமலைக் கடுக்காய் ஒன்றை ஒவ்வொரு மாணவனும் வாயிலிட்டுப் பார்க்கட்டும்.

அந்த வகுப்பில் இருப்பவர்களுள் ஒருவன் நாளை ஆலை முதலாளி ஆவான். ஒருவன் அங்கே கணக்கெழுதுவான். ஒருவன் ஜும்ஆ மேடையில் ஏறுவான். மேடையில் ஏறுபவன் அந்த 41ஆவது வசனத்தை எடுத்து ஓதும்போது, அவன் கண்முன் தன் ஊர்க் கிணறு நிற்கும்.